நாலரை லட்ச ரூபாய் கேமிங் கம்ப்யூட்டர்: பட்டியலில் எதை மாற்றலாம்?

கேள்வி: "மதுரையில் இருக்கிறேன். ஐடி வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே. நாலரை லட்சத்துக்குள் நல்ல கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைக்கிறேன். கோர் ஐ9 14900கே பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம் நான்கு, 2 டிபி ஜென் 5 எஸ்எஸ்டி, 360 மி.மீ. லிக்விட் கூலர், 850 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), முன்பக்கம் கண்ணாடி வைத்த கேபினெட். இதுதான் என் பட்டியல். மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது: 27 இன்ச், 1440பி, 165 ஹெர்ட்ஸ். 1 கேவிஏ யுபிஎஸ்ஸும் இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் அத்தான் கார்டை அங்கேயே வாங்கி வருவதாகச் சொல்கிறார். மற்றதைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, அங்கேயே அசெம்பிள் செய்து எடுத்து வரலாம் என்று எண்ணம். பெரிய கதை விளையாட்டுகள், வாலரண்ட், கொஞ்சம் வீடியோ எடிட்டிங். பட்டியல் சரிதானா?"

பதில்: 'ஏற்கெனவே இருக்கிறது' என்று நீங்கள் ஒதுக்கிவைத்த இரண்டு பொருளில்தான் சிக்கலே இருக்கிறது: மானிட்டர், யுபிஎஸ். கார்டை மனதில் முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அடுக்கியிருக்கிறீர்கள். ஒரு பக்கம் திரை, மறுபக்கம் சுவரில் இருக்கும் ப்ளக். இந்த இரண்டையும் முதலில் முடிவு செய்தால் நடுவில் வரும் பொருள்கள் பாதி தாமாகவே முடிவாகிவிடும்.

திரையை எடுத்துக்கொள்வோம். 1440பி திரையில் ஏறக்குறைய 37 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 83 லட்சம், அதாவது இரண்டேகால் மடங்கு. 5090 என்பது இந்த இரண்டாவது வேலைக்காகச் செய்த கார்டு. உங்கள் 1440பி திரையில் அதைப் போட்டால், பல விளையாட்டுகளில் கார்டு வேலையை முடித்துவிட்டு பிராசஸருக்காகக் காத்திருக்கும். வாலரண்டில் இன்னும் மோசம்: அது முழுக்க பிராசஸரை நம்பி ஓடும் விளையாட்டு. அதில் எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் வித்தியாசம் தெரியாது. எத்தனை ஃபிரேம் வந்தாலும் உங்கள் மானிட்டர் நொடிக்கு 165க்கு மேல் காட்டாது.

5090இன் அறிமுக விலை 1,999 டாலர், 5080 உடையது 999 டாலர். இரண்டு மடங்கு விலைக்கு 4கேயில் கிடைப்பது சுமார் பாதி அளவு கூடுதல் வேகம்தான், 1440பியில் அதைவிடக் குறைவு. இங்கே கடை விலையில் 5090 ஒன்றே உங்கள் தொகையில் பாதிக்கு மேல் தின்றுவிடும். என் யோசனை: 5080 வாங்குங்கள், மிஞ்சும் பணத்தில் 4கே, 240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி மானிட்டர் எடுங்கள். கண்ணுக்குத் தெரியும் மாற்றம் அங்கேதான். 5070 டிஐயும் மோசமில்லை. அதே 16 ஜிபி மெமரி, வேகத்தில் 5080ஐவிட ஏறக்குறைய 15 சதவீதம்தான் குறைவு. கையைக் கடித்தால் அதற்கு இறங்கலாம். 5090இன் 32 ஜிபி மெமரி உங்கள் விளையாட்டுக்கோ எடிட்டிங்குக்கோ தேவைப்படாது. ஏஐ மாடல்களை வீட்டில் ஓட்டுகிறவர்களுக்குத்தான் அது.

ஓஎல்இடியில் ஒரு எச்சரிக்கை. வேலை நாளில் எட்டு மணி நேரம் ஒரே டாஸ்க்பார், ஒரே விண்டோ நின்றால் அதன் தடம் நாளடைவில் திரையில் பதியும். டாஸ்க்பாரை மறையும்படி வையுங்கள், வெளிச்சத்தைக் குறைத்து வேலை பாருங்கள். 'பர்ன் இன்' வாரண்டியில் அடங்குமா என்று வாங்குமுன் எழுத்தில் பாருங்கள். சில பிராண்டுகளில் அடங்கும், சிலவற்றில் அடங்காது. அல்லது ஆபீஸ் வேலையைப் பழைய மானிட்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் எளிது.

அடுத்து சுவர். 1 கேவிஏ என்று எழுதியிருக்கும் சாதாரண வீட்டு யுபிஎஸ் பெரும்பாலும் 600 வாட்தான் தாங்கும். 5080 கார்டுக்கு 360 வாட், பிராசஸருக்கு 100, மதர்போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் சேர்ந்து 80. எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவதையும் மானிட்டரையும் சேர்த்தால் 650 வாட்டைத் தாண்டிவிடும். கரண்ட் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போகும் அந்த நொடியில் யுபிஎஸ் 'பீப்' என்று கத்திவிட்டுச் செத்துவிடும். எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டும் உதவாது.

இன்னொன்று: மலிவான யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது தருவது சைன் அலை இல்லை, படிப்படியாக வெட்டிய அலை. இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ் எல்லாம் மின்சாரத்தைச் சீராக இழுக்கும் 'ஆக்டிவ் பிஎஃப்சி' வகை. இவற்றில் சில அந்த அலையைக் கண்டதும் அணைந்துவிடும். ஆகவே 'ப்யூர் சைன் வேவ்' என்று தெளிவாகப் போட்ட 1.5 கேவிஏ அல்லது 2 கேவிஏ வாங்குங்கள். பெட்டியில் கேவிஏவைப் பார்க்காதீர்கள், வாட்டைப் பாருங்கள். 900க்குக் குறையக் கூடாது. வீட்டு இன்வெர்ட்டரை நம்புவதாக இருந்தால் அதுவும் சைன் வேவ் ஆக இருக்க வேண்டும், பின்பக்கம் இருக்கும் சுவிட்ச் யுபிஎஸ் மோடில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாறும் அந்த இடைவெளியிலேயே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்.

எர்த்தை மறந்துவிடாதீர்கள். கேபினெட்டின் இரும்பு விளிம்பில் புறங்கை பட்டால் சுரீர் என்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் சிறு கசிவை எர்த்துக்கு அனுப்பும்படி அமைந்தவை. போக வழி இல்லையென்றால் பெட்டியே ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். கசிவு சிறியது என்பதால் ஆளுக்கு ஆபத்து குறைவு. ஆனால் யுஎஸ்பி, ஹெச்டிஎம்ஐ போர்ட்டுகள் காலப்போக்கில் பாழாகும். எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் (லைவ் கம்பி) எர்த்துக்கும் நடுவில் 230 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும்; நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு, மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. இரண்டு பின் கன்வெர்ட்டர் எதையும் நடுவில் சேர்க்காதீர்கள்.

அறைச் சூடும் கணக்கில் வரும். கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். ஒரு டன் ஏசி வெளியேற்றுவது ஏறக்குறைய 3,500 வாட் சூடு. 5090 போட்ட கம்ப்யூட்டர் முழுவேகத்தில் 850 வாட் கக்கினால் அதில் கால் பங்கு போயிற்று. சித்திரை வெயிலில் மதுரையில் இதை யோசித்துப் பாருங்கள். 5080ஐ நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது பிராசஸர். 14900கே வேண்டாம். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை சிப்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறி, சிப் மெல்ல மெல்லக் கெடும் குறை இருந்தது. 2024 ஆகஸ்டில் 0x129, பிறகு 0x12பி என்று மைக்ரோகோட் (சிப்பை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) திருத்தங்கள் வந்தன, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டினார்கள். திருத்தம் வந்துவிட்டது என்பதால் வாங்கலாம்தான். ஆனால் 253 வாட் வரை இழுக்கும் சிப்பை, அதே சாக்கெட்டில் அடுத்த தலைமுறைக்கு மாறும் வழியே இல்லாத மதர்போர்டில் போட்டு வாங்க ஒரு காரணமும் இல்லை.

ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி எடுங்கள். எட்டு கோர்தான். ஆனால் 96 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) இருப்பதால் விளையாட்டு அடிக்கடி கேட்கும் தகவலுக்கு ரேம் வரை ஓட வேண்டியதில்லை. வாலரண்ட் போன்றவற்றில் இது பளிச்சென்று தெரியும். முந்தைய 7800எக்ஸ்3டியில் இந்தக் கேஷ் கோர்களின் மேல் உட்கார்ந்திருந்தது, சூடு வெளியேற அதுவே தடை. இதில் கீழே மாற்றிவிட்டார்கள். விளையாட்டில் 100 வாட்டைத் தாண்டுவதே அபூர்வம். எடிட்டிங்தான் சோறு போடுகிறது என்றால் 16 கோர் 9950எக்ஸ்3டி. அதில் கூடுதல் கேஷ் இரண்டு பாதிகளில் ஒன்றுக்கு மட்டும்தான் உண்டு. சிப்செட் டிரைவரை ஒழுங்காகப் போடாவிட்டால் விளையாட்டு தப்பான பாதியில் போய் ஓடும். 'கொஞ்சம் எடிட்டிங்' என்கிறீர்கள், எட்டு கோர் தாராளம்.

லிக்விட் கூலரும் இத்தோடு தேவையற்றுப் போகிறது. இரட்டை டவர் ஏர் கூலர் போதும். அதில் கெடக்கூடியது ஃபேன் மட்டும்தான், கெட்டால் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். லிக்விட் கூலரில் பம்ப் நின்றால் மொத்தத்தையும் வாரண்டிக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். அழகுக்காக லிக்விட்தான் வேண்டும் என்றால் ரேடியேட்டரை மேல் கூரையில் மாட்டுங்கள். சுற்றின் உச்சியில் பம்ப் இருக்கவே கூடாது, உள்ளே இருக்கும் காற்று அங்கே போய்ச் சேர்ந்து பம்ப்பைக் கொன்றுவிடும்.

மதர்போர்டில் பணத்தைக் கொட்டாதீர்கள். நல்ல பி850 போர்டு போதும். எக்ஸ்870இ போட்டால் ஒரு ஃபிரேம்கூட கூடாது. பார்க்க வேண்டியது, எத்தனை எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி மாட்டும் இடம்), பின்னால் எத்தனை யுஎஸ்பி, பயாஸ் (போர்டின் தொடக்க மென்பொருள்) புதுப்பிக்க ஃப்ளாஷ்பேக் பட்டன் உண்டா என்பவை. சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் கார்டுக்குப் போகும் 16 பாதை எட்டாகக் குறையும். வேகத்தில் பெரிய நஷ்டமில்லை, ஆனால் தெரியாமல் நடந்தால் பிறகு எதைத் தேடுவது என்றே புரியாது. மேனுவலில் சிறு எழுத்தில் போட்டிருப்பார்கள்.

ரேம் நான்கு வேண்டாம், இரண்டு. இந்தப் பிராசஸரும் போர்டும் சேரும்போது நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600தான். இரண்டு போட்டால் 6000 எளிதாக ஓடும். டிடிஆர்5 6000, சிஎல் 30 என்று கேளுங்கள். அதன் தாமதம் 10 நானோ நொடி. விலை குறைவாகக் காட்டும் சிஎல் 36இல் 12. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது. சிப்பெல்லாம் ஏஐ சர்வர்களுக்குப் போகிறது. மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் க்ரூஷியல் என்ற தன் சில்லறை விற்பனையையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. ஆகவே 64 ஜிபி ஆசையை விட்டுவிட்டு 16 ஜிபி இரண்டு வாங்குங்கள், விளையாட்டுக்கு 32 போதும். பின்னால் வேண்டும் என்றால் இதோடு இரண்டைச் சேர்க்காமல், இதை விற்றுவிட்டு 32 ஜிபி இரண்டாக மாற்றுங்கள்.

எஸ்எஸ்டியும் அப்படித்தான். ஜென் 5 நொடிக்கு 14,000 எம்பி படிக்கும், ஜென் 4 ஏழாயிரம். விளையாட்டு திறக்கும் நேரத்தில் வித்தியாசம் ஒரு நொடி வந்தால் அதிகம். ஜென் 4, 2 டிபி எடுங்கள்.

850 வாட் எஸ்எம்பிஎஸ் 5090க்குப் போதாது, அதற்கு என்விடியா சொல்வதே 1,000 வாட். 5080க்கு மாறினால் உங்கள் 850 சரியாகப் பொருந்திவிடுகிறது. ஆனால் 'கோல்டு' என்ற சொல் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும். உள்ளே இருக்கும் தரத்தையோ பாதுகாப்பையோ சொல்லாது. ஏடிஎக்ஸ் 3.1 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்கு இரண்டு, மூன்று மடங்கு இழுத்தாலும் அணைந்துவிடாமல் தாங்க வேண்டும் என்பது அந்த விதியில் இருக்கிறது. கார்டுக்குப் போகும் 12வி-2எக்ஸ்6 கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸோடு நேரடியாக வர வேண்டும்; கார்டு பெட்டியில் வரும் தேள் கொடுக்கு மாதிரியான அடாப்டர் வேண்டாம்.

இந்தக் கனெக்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2022இல் 4090 வந்த புதிதில் உருகிப்போன படங்களைப் பார்த்திருப்பீர்கள். 12 வோல்ட்டில் 575 வாட் என்றால் ஏறக்குறைய 48 ஆம்பியர். அது ஆறு சிறு பின்களில் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் எட்டு. ஒரு பின் தாங்குவது ஒன்பதரை அளவு. ஒன்றிரண்டு பின் சரியாகத் தொடவில்லையென்றால் அந்தப் பங்கும் மற்றவற்றின் தலையில் விழும். பெரும்பாலான கார்டுகளில் உள்ளே நுழைந்ததும் ஆறும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால், எந்தப் பின் திணறுகிறது என்று கார்டுக்குத் தெரியாது. 5080இல் பின்னுக்கு ஐந்து ஆம்பியர்தான், மூச்சு விட இடம் இருக்கிறது. இருந்தாலும் மாட்டும்போது கேபிளை இழுக்காமல் தலையைப் பிடித்து அழுத்துங்கள். கார்டுக்கும் கனெக்டருக்கும் நடுவில் மயிரிழை இடைவெளிகூடத் தெரியக் கூடாது. டார்ச் அடித்துப் பாருங்கள். தலையிலிருந்து 35 மி.மீ. வரை கேபிள் நேராக இருக்க வேண்டும், வளைப்பதெல்லாம் அதற்கு அப்பால். கேபினெட் கதவு அதை அமுக்கினால் அந்தக் கேபினெட் இந்தக் கார்டுக்கு ஆகாது.

கேபினெட் வாங்கும்போது டேப் எடுத்துக்கொண்டு போங்கள். 'கார்டுக்கு 400 மி.மீ. இடம்' என்று போட்டிருக்கும். முன்பக்கம் ரேடியேட்டர் மாட்டினால் அதற்கு 27, ஃபேனுக்கு 25, ஆக 52 போயிற்று, மிச்சம் 348. பெரிய கார்டுகள் சில 350ஐத் தாண்டும். ஏர் கூலர் உயரம் 155 முதல் 168 வரை இருக்கும், அதையும் கதவு மூட விட வேண்டும். முன்பக்கம் முழுக் கண்ணாடி வேண்டாம். காற்று நுழைய வழியில்லாமல் அடுப்பாகிவிடும். மெஷ், அதன் பின்னால் கழற்றிக் கழுவும் ஃபில்டர். உள்ளே இழுக்கும் ஃபேன் மூன்று, வெளியே தள்ளுவது ஒன்று என்று வைத்தால் இண்டு இடுக்கு வழியாகத் தூசி புகுவது குறையும். நம்மூர்த் தூசிக்கு மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழுவியாக வேண்டும்.

அத்தான் விஷயம். பல பிராண்டுகளின் கார்டு வாரண்டி, வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். இங்கே சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரைப் போட்டதும் 'இது இந்தியா ஸ்டாக் இல்லை' என்பார்கள். சுங்கத்தில் இலவச அளவுக்கு மேல் வரியும் உண்டு. கெட்டால் சிங்கப்பூருக்கு யார் எடுத்துப் போவது? மூன்று வருடம் ஓட வேண்டிய, இருப்பதிலேயே விலை கூடிய பொருள் இது. ஜிஎஸ்டி பில்லோடு இங்கேயே வாங்குங்கள். அத்தானை ஒரு நல்ல கீபோர்டு வாங்கி வரச் சொல்லலாம்.

ரிச்சி தெருவில் தாராளமாக வாங்கலாம். பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். மதர்போர்டு பெட்டியைக் கவுன்டரிலேயே திறந்து, சாக்கெட் பின்களைப் படம் எடுத்துவிடுங்கள். ஏஎம்5 என்ற இந்தச் சாக்கெட்டில் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. வளைந்திருப்பதை வீட்டுக்கு வந்து பார்த்தால் யாரும் ஏற்க மாட்டார்கள். அங்கேயே அசெம்பிள் செய்தால் ஓடிக் காட்டச் சொல்லிவிட்டு, கார்டையும் கூலரையும் கழற்றி அவற்றின் பெட்டியிலேயே வைத்துக் கொண்டுவாருங்கள். இரண்டு கிலோ கார்டை ஸ்லாட்டில் தொங்கவிட்டு 450 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தால் ஸ்லாட் பிய்ந்துவிடும். கூலரைத் திரும்ப மாட்டப் புதிய தெர்மல் பேஸ்ட் ஒரு ட்யூப் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்தால் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இவை. கூலரின் அடியிலும் எம்.2 தெர்மல் பேடிலும் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பது முதலாவது. ரேமைப் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். முதல் முறை பவர் போட்டதும் திரை இருட்டாகவே சில நிமிடம் இருக்கும். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது; கெட்டுவிட்டது என்று பயந்து ஆஃப் செய்துவிடாதீர்கள். பத்து நிமிடம் பொறுங்கள். படம் வந்ததும் முதல் வேலை பயாஸ் புதுப்பிப்பது. 2023இல் எக்ஸ்3டி சிப்கள் சில கருகிய பிறகு எஸ்ஓசி வோல்டேஜை (சிப்பின் ஒரு பகுதிக்குப் போவது) 1.3 வோல்ட்டுக்குள் கட்டிப்போட்டது பயாஸ் திருத்தம்தான். அதன் பிறகே எக்ஸ்போவை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) ஆன் செய்யுங்கள். மறந்தால் 6000க்குப் பணம் கொடுத்துவிட்டு 4800இல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். பயாஸில் இருக்கும் பாதுகாப்பு வசதிகளான செக்யூர் பூட்டும் டிபிஎம்மும் ஆன் ஆக வேண்டும், விண்டோஸ் 11இல் அவை இல்லாமல் வாலரண்ட் திறக்காது.

மானிட்டர் கேபிளைக் கார்டில்தான் மாட்ட வேண்டும். இந்தப் பிராசஸரிலேயே சின்ன கிராபிக்ஸ் ஒன்று இருப்பதால் மதர்போர்டில் மாட்டினாலும் படம் வரும், டெஸ்க்டாப் நன்றாகவே தெரியும், விளையாட்டு மட்டும் நகராது. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 240 ஹெர்ட்ஸைக் கையால் தேர்ந்தெடுங்கள், பல நேரம் அது 60இலேயே நிற்கும்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியில் மிஞ்சும் கேபிள்களை ஒரு பையில் போட்டு அதன் மாடல் பெயரை மேலே எழுதிவையுங்கள். வேறு எஸ்எம்பிஎஸ் கேபிளும் இதில் பொருந்தும், ஆனால் உள்ளே கம்பி வரிசை வேறு. நாளைக்கு இன்னொரு ஹார்டு டிஸ்க் சேர்க்கும்போது பழைய கேபிள் ஒன்றை எடுத்து மாட்டினால், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் டிஸ்க் அங்கேயே கருகிவிடும்.